கலிஃபோர்னியாவில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் வைக்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவைக் குளிப்பாட்ட, எழுப்பி உட்கார வைக்க ஆள் தேவைப்பட்டது. ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்தோம். பெயர் சொல்ல மாட்டேன், புகார் விசாரணையில் இருக்கிறது.

"எங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறது, எங்கள் ஆட்கள் எல்லாரையும் தீர விசாரித்துத்தான் அனுப்புகிறோம்" என்று போனில் அடித்துச் சொன்னார்கள். நகல்கூட அனுப்பினார்கள். அப்புறம் உற்றுப் பார்த்தால் அது நகராட்சி கொடுக்கும் தொழில் உரிமம். டோனட் கடைக்கும் அதேதான்!

வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு மாநிலச் சமூக சேவைகள் துறையின் லைசென்ஸ் வேண்டும். 2016 ஜனவரி முதல் இதுதான் சட்டம். அவர்கள் அனுப்பும் பணியாளர் கைரேகை கொடுத்து, மாநிலப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஊழியருக்கு அடிபட்டால் கொடுக்கக் காப்பீடு, திருட்டுப் போனால் ஈடுகட்டக் குறைந்தது 10,000 டாலருக்கு பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்), இரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. (ஆரம்பப் பயிற்சி மட்டும் வெறும் 5 மணி நேரம். அது போதும் என்று எப்படி முடிவு செய்தார்களோ!)

வந்த பெண்மணி நல்லவர்தான், பாவம். ஆனால் எழுப்பும்போது பிடித்துக்கொள்ளும் பெல்ட்டை அப்பாவின் இடுப்பில் கட்டாமல், செயலிழந்த இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பினார். தோள் வீங்கிவிட்டது. அதே இழுப்பில் அந்தப் பெண்மணிக்கும் முதுகு பிடித்துக்கொண்டது.

ஏஜென்சியைக் கூப்பிட்டேன். "அவர் எங்கள் ஊழியர் இல்லை சார். நாங்கள் அறிமுகப்படுத்தினோம், அவ்வளவுதான். முதலாளி நீங்கள்தான், ஒப்பந்தத்தைப் பாருங்கள்." கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பாவின் வைத்தியம் போக, அந்தப் பெண்மணியின் வைத்தியச் செலவும் சம்பள வரியும் எங்கள் தலையில்.

ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சி நடத்துவது தப்பில்லை. தனியாக வேலை செய்பவர் பதிவேட்டில் சேர்வதும் அவர் விருப்பம்தான். வெறும் அறிமுகம்தான் என்பதை மறைத்துவிட்டு "எங்கள் ஆட்கள்" என்று பேசுவதுதான் மோசடி.

அதனால் முதல் கேள்வியே, "இவருக்குச் சம்பளம் போட்டு வரி பிடிப்பது யார்?" என்று இருக்கட்டும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். நிறுவனத்தின் லைசென்ஸ் எண்ணையும் பணியாளரின் பதிவு எண்ணையும் வாங்கி, துறையின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் விளம்பரம், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். புகார் கொடுத்தபோது "எங்கள் ஊழியரை அனுப்புகிறோம்" என்ற அந்த ஒரு மெசேஜைத்தான் அதிகாரி முதலில் கேட்டு வாங்கினார்.