முதுகில் வைக்காத கேஜுக்குப் பில்: ஃப்யூஷன் ஆபரேஷனுக்குப் போறவங்க கவனிங்க

அண்ணனுக்கு எல்4-எல்5ல (கீழ்முதுகோட நாலாவது, அஞ்சாவது எலும்பு) எலும்பு முன்னால நகர்ந்திருந்தது. முதுகெலும்புக்குன்னே நடத்துற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 4,20,000 ரூபாய் கட்டி ஃப்யூஷன், அதாவது ரெண்டு எலும்பையும் ஒண்ணாக் கூட வைக்கிற ஆபரேஷன், பண்ணினோம். பில்லில் கேஜ் (ரெண்டு எலும்புக்கு நடுவுல டிஸ்க் இருந்த இடத்துல வைக்கிற சின்னத் தாங்கல்) இருக்கு, முதுகுல இல்ல. ஆத்திரம் அடங்கல, ஆனா அடுத்தவங்க ஏமாறக் கூடாதுன்னு இப்பவே எழுதறேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் பிளாஸ்டிக் முதுகெலும்பை மேஜையில வெச்சு, ஒரு கேஜை எடுத்து அண்ணன் உள்ளங்கையிலயே வெச்சார். டிஸ்க்கை எடுத்துட்டு அங்க இதை வைப்போம், டிலிஃப்ங்கிற முறையில முதுகுல ஒரு பக்கமாப் போறதால நரம்பை அதிகம் இழுக்க வேண்டாம்னார். பிலிஃப்னா நரம்புப் பையை ரெண்டு பக்கமும் ஒதுக்கணும், அலிஃப் வயிறு வழி, பெரிய ரத்தக்குழாயைத் தாண்டிப் போகணும், விலாப்பக்க வழி எல்5-எஸ்1க்கு (அதுக்கு அடுத்த கீழ் இடம்) ஒத்துவராது, இடுப்பெலும்பு மறைக்கும்னு எல்லாம் சொன்னார். அத்தனையும் சரியான தகவல். இவ்வளவு பொறுமையா விளக்கினவரை யார் சந்தேகப்படுவா? அன்னிக்கே அட்வான்ஸ் கட்டிட்டோம்.

ஆபரேஷனுக்கப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில நாலு ஸ்க்ரூ, ரெண்டு ராடு. அவ்வளவுதான். பீக்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச கேஜ் எக்ஸ்ரேயில தெரியாது. அதனாலயே அதுல சின்ன உலோகக் குறிகள் பதிச்சிருப்பாங்க. டிஸ்க் இடத்துல வெள்ளைப் புள்ளிகளாத் தெரியணும். இதுல ஒரு புள்ளி இல்ல. டைட்டானியம்னா கேஜே தெரியும். ஆக, பின்பக்கம் எலும்புத் துகள் போட்டு ஸ்க்ரூ மட்டும் முடுக்கியிருக்காங்க. அதுவும் முறையான ஆபரேஷன்தான். ஆனா முன்னால தாங்கல் இல்லாததால, எலும்பு கூடுற வரைக்கும் ஸ்க்ரூ மேல பாரம் கூடுதலா விழும். கூடலைன்னா ஸ்க்ரூ லூசாகும், ராடு உடையும்.

பில்லிங்ல கேட்டா "டாக்டரைக் கேளுங்க". டாக்டர் "உள்ளே பார்த்துதான் முடிவு பண்ணுவோம்"னு எழுந்துட்டார். எலும்பு மெலிசா இருந்து கேஜ் வைக்காம விடறது உண்டு, மறுக்கல. அப்படின்னா ஆபரேஷன் நோட்ஸ்ல காரணம் இருக்கணும், வைக்காத கேஜுக்குக் காசு வாங்கக் கூடாது. கேஜ் வெச்சா அதோட பாக்கெட்ல வர்ற ஸ்டிக்கரை நோட்ஸ்ல ஒட்டணும், அதுவும் ஒட்டல. பி.ஆர்.ஓ. சொன்ன பதில்: "பேக்கேஜ் சார், பிரிச்சுப் பார்க்க முடியாது." 4,20,000 ரூபாய்! ஃபோனை எடுக்கிறதே இல்ல இப்போ.

விவரமா எழுத நினைச்சேன், பொறுமை இல்ல. அவசரமா சில விஷயம்.

குனிஞ்சும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு ஆடுதான்னு பார்க்காம ஃப்யூஷனுக்கு ஒத்துக்காதீங்க. எலும்பு ஆடாம நரம்பு மட்டும் நசுங்கியிருந்தா, பல பேருக்கு அடைப்பை எடுத்துவிட்டாலே போதும், ஸ்க்ரூ தேவைப்படாது. வயசானவங்களுக்கு முதல்ல டெக்ஸா எடுத்து எலும்பு அடர்த்தி பாருங்க. சிகரெட்டை நிறுத்தாம படுக்காதீங்க, எலும்பு கூடாமப் போற வாய்ப்பு அதிகம். ஆனா சிறுநீர் அடைச்சு, உட்காருற இடம் மரத்துப்போச்சுன்னா இதெல்லாம் யோசிச்சு நாள் கடத்தாதீங்க, அன்னிக்கே ஓடுங்க.

எந்த ஆபரேஷன், கேஜ் உண்டா, எந்தக் கம்பெனி, என்ன விலைன்னு சம்மதப் படிவத்துலயே எழுதி வாங்குங்க. கடைசித் தொகை கட்டறதுக்கு முன்னாடி எக்ஸ்ரேயும் ஸ்டிக்கர் ஒட்டின நோட்ஸ் நகலும் கையில இருக்கணும். எழுத்துல கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள நகல் தரணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கு. நாங்க எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் தரல.