நிறப் பிழைத் தபால்தலை என்று யாராவது நீட்டினால் கவனம்: டெல்டா சேகரிப்பாளர்களுக்கு

காவிரி டெல்டாவின் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் இன்றும் தபால்தலைகள் கிடைக்கும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த காலத்தில், மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த கடிதங்களைக் கட்டுக் கட்டாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தக் கட்டுகளை எடைக்கு வாங்கிப்போய், சாதாரணத் தலைகளின் நிறத்தைக் கெடுத்து, ‘அபூர்வ நிறப் பிழை’ (அச்சிடும்போதே நிறம் மாறிப்போன தலை) என்று சில வியாபாரிகள் நம்மிடமே விற்கிறார்கள். கும்பகோணத்தில் ஒரு வியாபாரி அப்படிச் சொல்லி மூன்று தலைகளை என்னிடம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு விற்றார்.

முதலாவது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படம் போட்ட அரையணாத் தலை. பச்சையாக இருக்க வேண்டியது நீலமாக இருந்தது. “அச்சகத்தில் மை மாறிப்போன தாள் தம்பி, இன்னொன்று கிடைக்காது” என்றார். சுவீடனில் 1855-இல் வந்த மூன்று ஸ்கில்லிங் (அந்நாட்டின் பழைய நாணயம்) தலை, பச்சைக்குப் பதில் மஞ்சளில் அச்சாகி, உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பதையும் விரிவாகச் சொன்னார். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லித்தான் பொய்ச் சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள்.

தஞ்சாவூரில் நெடுங்காலமாகத் தபால்தலை சேகரிக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பச்சை மை பல தலைகளில் நீலமும் மஞ்சளும் சேர்ந்த கலவை. வெயிலில் காய்ந்தாலோ ரசாயனம் பட்டாலோ மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் தங்கிவிடும். அச்சிலேயே நீலமாக அடித்திருந்தால் கோடு முழுக்க ஒரே நீலமாக இருக்க வேண்டும். என் தலையிலோ, தபால் முத்திரையின் கறுப்பு மைக்கு அடியில் பச்சை அப்படியே இருந்தது. புற ஊதா விளக்கில் காட்டியபோது தாள் வெளிர்நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைப்பது வெண்மையூட்டி என்ற ரசாயனம்; சலவைத்தூளில் அது இருக்கும். அந்தக் காலத்துத் தாளில் அது கிடையாது; 1950-ஐ ஒட்டித்தான் அது காகிதத்துக்கே வந்தது. “சலவைத்தூளில் ஊறவைத்திருக்கிறான்” என்றார் பெரியவர். என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம்.

இரண்டாவது, ஆரஞ்சுத் தலை ஒன்று கரும்பழுப்பாக மாறியது. ஈயம் கலந்த மை கந்தக வாயு பட்டால் கறுக்கும். பெரியவர் பஞ்சில் ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டு ஓர் ஓரத்தில் ஒற்றினார். சற்று நேரத்தில் அங்கே ஆரஞ்சு திரும்பிவந்தது.

மூன்றாவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அதில் யாரும் கைவைக்கக்கூட இல்லை. 1949-ஆம் ஆண்டுத் தொல்லியல் வரிசையில் புவனேசுவரம் கோயில் படம் போட்ட நாலணாத் தலை அரக்குச் சிவப்பில் வந்தது. பிறகு அதே படத்தை, அதே நாலணாவுக்கு, நீல நிறத்தில் அஞ்சல் துறையே வெளியிட்டது. எந்தக் கேட்டலாக்கிலும் இரண்டும் தனித்தனி எண்ணோடு இருக்கும். முத்திரை குத்திய பிரதி மலிவாகவே கிடைக்கும். அந்த நீலத்தைத்தான் ‘பிழை’ என்று விற்றிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளும் அவரிடம் வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

மூன்றுக்கும் ‘உத்தரவாதச் சான்றிதழ்’ கொடுத்தார். பொன்னிற எழுத்தில் அச்சடித்த அட்டை. கீழே அவருடைய கையெழுத்து மட்டும். உண்மையான நிறப் பிழை என்றால் லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி போன்ற அமைப்பின் நிபுணர் குழு ஆராய்ந்து, அந்தத் தலையின் படத்தோடு சான்று தந்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். சரியான நிறத்திலுள்ள அதே தலையையும் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பவர் விளக்கடியில்தான் காட்டுவேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டிகளில் பழைய கடிதம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலையை உறையிலிருந்து கிழிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். புறப்பட்ட ஊர், வந்து சேர்ந்த ஊர் முத்திரைகளோடு முழு உறையாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு அதிகம். அப்படி இருப்பதைச் சலவைத்தூளில் போட்டு ஏமாற்றவும் எளிதில் முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதில்லை” என்று சொல்லிவிட்டார். ஆனால் ரசீதில் ‘நிறப் பிழை, அசல்’ என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ரசீதையும் பெரியவர் எழுதித் தந்த குறிப்பையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதேபோல் வாங்கி ஏமாந்தவர்கள், ரசீது இருந்தால் தாமதிக்காமல் நீங்களும் மனு கொடுங்கள்.