தோள் இல்லாத கவுனை எது தாங்குகிறது? மார்த்தாண்டத்து வியர்வையில் பல வருட அனுபவம்

தோள் இல்லாத கவுனுக்குள் போட ஸ்டிக்-ஆன் கப் (பட்டை இல்லாமல் நேரே மார்பில் ஒட்டிக்கொள்ளும் பிரா) வாங்கினால் போதுமா என்று கேட்டு வருகிறவர்களிடம், ரிசப்ஷன் எந்த மாசம் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்தில் பெரும்பாலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் கழிந்ததும் மண்டபங்கள் நிரம்பிவிடும். சித்திரைப் புழுக்கம், கடல்காற்றின் பிசுபிசுப்பு, முகத்துக்கு நேரே வீடியோக்காரர் பிடிக்கும் விளக்கு. இத்தனைக்கும் நடுவில் தோளும் முதுகும் திறந்த கவுனில் ஒரு பெண் சாயங்காலம் முழுக்க மேடையில் நிற்க வேண்டும். ஒட்டுகிற சாமான் எதையும் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் தேவையில்லை.

மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கேக் வெட்டும் கவுன், முதுகு திறந்த ப்ளவுஸ், ஆழமான கழுத்து வைத்த லெஹங்கா எல்லாம் தைப்போம். உள்ளே போடும் சாமான் எதுவானாலும் முதலில் நானே உடுத்தி ஒரு விசேஷத்தை முழுசாகக் கழித்துப் பார்ப்பது வழக்கம். சொந்தத்தில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் சோதனைக்கும் பஞ்சமில்லை.

ஸ்டிக்-ஆன் சிலிக்கான் கப்பின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன மார்பு, ஏசி ஹால், இரண்டு மணி நேர விருந்து என்றால் அதைப்போல சுகம் வேறில்லை. முதுகில் ஒரு கோடு தெரியாது. இரண்டு கப்பையும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளி ஒட்டிவிட்டு, கடைசியில் நடுக்கொக்கியை மாட்டினால் மார்பு அழகாக ஒதுங்கி நிற்கும். ஒட்டும் இடத்தில் பவுடர், லோஷன், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சொல்வது எளிது. குளித்துவிட்டு வரும் பெண்ணின் கழுத்திலும் முதுகிலும் பவுடரைத் தட்டாமல் விடுகிற பெரியம்மா எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் இன்னும் பிறக்கவில்லை.

கனமான மார்புக்கு இந்தக் கப்பை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது. அது பிடித்துக்கொண்டிருப்பதே மார்பின் தோலைத்தான். வேறு எங்கும் அதற்குப் பிடிமானம் கிடையாது. ஆக, அது மார்பைத் தூக்குவதில்லை, மார்பில் அதுதான் தொங்குகிறது. வியர்வை பசைக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்தால் மேல் ஓரம் முதலில் விட்டுக்கொடுக்கும். பிறகு கை தானாகக் கழுத்தருகே போய்க்கொண்டே இருக்கும், எல்லா போட்டோவிலும் அந்தக் கை விழும்.

பராமரிப்புக்குப் பொறுமை வேண்டும். கழற்றியதும் மென்மையான சோப்புத் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, காற்றில் உலரவிட்டு, கூட வந்த ப்ளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டி வைக்க வேண்டும். துண்டால் துடைத்தால் பஞ்சுத்தூசி ஏறி பசை செத்துப்போகும். ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. முந்தின நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்ச நேரம் ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புண்ணோ வேர்க்குருவோ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

இழுபடும் பருத்தி டேப் (விளையாட்டு வீரர்கள் தசைப்பிடிப்புக்கு ஒட்டுகிற அதே ஜாதி) தூக்கிப் பிடிப்பதில் கப்பைவிட உண்மையில் மேல். அடியிலிருந்து தோள் பக்கமாக இழுத்து ஒட்டுவதால் மேலே ஒரு பிடிமானம் கிடைக்கிறது. முலைக்காம்பின் மேல் பஞ்சுப் பட்டை வைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். சோதனை கழற்றும்போதுதான் ஆரம்பிக்கும். வெடுக்கென்று இழுத்தால் தோல் உரியும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஊறவிட்டு, முடி வளர்ந்த திசையில் பையப் பைய எடுக்க வேண்டும். நடு நெஞ்சு வரை இறங்கும் கழுத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு. ஒரு தடவை ஒட்டியதோடு சரி, காசும் போச்சு.

இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. 1910 வாக்கில் நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் ஒரு நடன விருந்துக்குப் புறப்பட்டபோது, மெல்லிய மாலை கவுனுக்கு வெளியே இறுக்குக்கச்சையின் எலும்பு (உடுப்பு மடங்காமல் நிற்க உள்ளே வைக்கும் விறைப்பான பட்டை) எட்டிப் பார்த்ததாம். இரண்டு பட்டுக் கைக்குட்டையும் ரிப்பனும் எடுத்து வேலைக்காரப் பெண்ணின் உதவியோடு ஒன்று தைத்துக்கொண்டாள். 1914இல் முதுகுப்பக்கம் இல்லாத அந்த பிராவுக்குக் காப்புரிமையும் வாங்கினாள். பிற்பாடு அதை 1500 டாலருக்குக் கச்சை தயாரிக்கும் வார்னர் கம்பெனிக்கு விற்றுவிட்டாள். அவள் எலும்பைத் தூக்கி எறிய முடிந்ததற்குக் காரணம் தோளில் பட்டை இருந்தது. கவுன் தோளை விட்டதும் எலும்பு திரும்ப வந்தது. 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் இடுப்பு ஒடுங்கிய கவுன்களைக் கொண்டுவந்தபோது அதற்கான கச்சை உடுப்புக்கு உள்ளேயே தைக்கப்பட்டிருந்தது. மேலே பார்த்தால் ஒன்றுமே போடாத மாதிரி தெரியும் உடுப்புக்குள்தான் அதிக வேலை இருக்கிறது.

என் கடையில் நிலைத்துப்போனது அந்த வழிதான். கவுனுக்குள் கப்பும் எலும்பும் வைத்துத் தைத்த உள்சட்டை மாதிரி தனியாக ஒரு உள்பாடி. அதன் உயிர் இடுப்புப் பட்டி. ஒரு அங்குல அகலத்தில், இழுத்தால் நீளாத, வரிவரியாக நெய்த ரிப்பன். அதை உள்பாடியின் இடுப்பில் தையல் ஓரங்களோடு மட்டும் ஆங்காங்கே பிடித்துவிட்டு, பின்பக்கம் தனியாக இரண்டு ஹூக் வைக்கிறேன். உடுத்தும்போது முதலில் இந்தப் பட்டியை மாட்ட வேண்டும், அப்புறம்தான் ஜிப். பட்டிக்குள் ஒரு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். கேன்கேன் (பாவாடையை உப்ப வைக்கும் விறைப்பான வலை), மணி வேலை, பின்னால் இழுபடும் வால் எல்லாவற்றின் பாரமும் அங்கே இறங்கிவிடும். பட்டியில் ஊன்றிக்கொண்டு எலும்புகள் மேலே எழுந்து கப்பைத் தாங்கும். தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்து நடந்த அம்மாமாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மேடையில் நிற்கிற பெண் இரண்டு கக்கத்துக்கும் அடியில் விரலைக் கொடுத்து கவுனை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே இடுப்புப் பட்டி இல்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். மேல் ஓரத்தில் ரப்பர் பூசிய எலாஸ்டிக் வைத்துச் சமாளிக்கிற கடைகள் உண்டு. ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு அதன் அடியில் வியர்வை கோர்த்து வழுக்கும், ராத்திரி கழற்றினால் நெஞ்சைச் சுற்றி சிவந்த வரி. எனக்கு அது பிடிக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிற ப்ளாஸ்டிக் தோள்பட்டையும் அப்படித்தான். ப்ளாஷ் அடித்தால் முதலில் மின்னுவது அதுதான், நாளானால் மஞ்சளும் அடிக்கும்.

வெட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமான பிரின்சஸ் கட் (மார்பின் மேல் நெடுக ஓடும் தையல்) அளவுத்தாளில் கோடு மார்பு உச்சியிலிருந்து தோள் வரை நேராகப் போகும். உடம்பு அப்படி இல்லை. மார்புக்கு மேலேயும் கீழேயும் குழிந்திருக்கிறது. தோளில் தொங்கும் ப்ளவுஸில் அது தெரியாது. தோளை எடுத்துவிட்டால் மேல் ஓரம் வாய் பிளக்கும், அதுவும் ஜெபத்துக்குக் குனியும்போது. அதனால் பிரின்சஸ் தையலில் மார்புக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் வரை, கீழேயும் ஆளுக்குத் தக்கபடி உள்ளே பிடித்துவிடுகிறேன். ட்ரையலில் கண்ணாடி முன் நிற்க வைத்துப் பார்த்தால் எந்தக் கவுனும் நன்றாகத்தான் இருக்கும். உட்கார, குனிய, இரண்டு கையையும் தூக்க வைத்துப் பார்க்க வேண்டும். "எக்கா, நான் டான்ஸ் ஆடுவேன் பாத்துக்கிடுங்க" என்று ஒரு பிள்ளை சொன்னாள். ஆடு மக்களே என்று பாட்டுப் போட்டுவிட்டேன். இடது பக்க எலும்பு குத்துவது அந்த ஆட்டத்தில்தான் தெரிந்தது.

எலும்பு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். ரோலாக வரும் ப்ளாஸ்டிக் டேப் எலும்பைக் கத்தரியால் வெட்டி நேரே மெஷினில் அடித்துவிடலாம், மலிவு. ஒரு ராத்திரிக்கு அது தாராளம். ஆனால் உடம்புச் சூட்டில் இடுப்பருகே மடங்கினால் மடங்கினபடியே நின்றுவிடும், அடுத்த தடவை அதே இடம் வெளியே முட்டும். வெட்டிய முனையிலிருந்து நரம்பு நரம்பாகப் பிரிந்து குத்துவதும் உண்டு. முனையை லைட்டரில் காட்டி உருக்கி, துணித்தொப்பி போட்டு, தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். வாடகைக்குப் போகும் கவுனுக்கு சுருள் இரும்பு எலும்புதான் வைக்கிறேன். நாலு திசையும் வளையும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். இங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஈரத்தோடு மடித்து வைத்தால் துரு கறை துணியில் ஏறும்.

கப் வாங்கும்போது நம்பரை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 32சி, 34பி, 36ஏ மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், சுற்றளவுதான் வேறு. உள்பாடியில் சுற்றளவை நாம் தைத்துவிடுகிறோம், அதனால் கொள்ளளவு பொருந்தினால் போதும். மாதவிலக்கு நெருங்கினால் சிலருக்கு மார்பு கனக்கும், பால் கொடுக்கிறவர்களுக்கு ஒரே நாளில் கூடிக் குறையும். கடைசி அளவு விசேஷத்தை ஒட்டி எடுப்பது நல்லது.

பாதிரியாருக்கும் பாட்டிக்கும் மதிப்புக் கொடுத்து, திறந்த முதுகின் மேல் தோல் நிற நெட் வைப்பது எங்கள் பக்கம் அதிகம். கடையில் கிடைக்கும் 'ஸ்கின் கலர்' யாருடைய ஸ்கின் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் பிள்ளைகளின் நிறத்தின் மேல் அது சாம்பல் பூசினாற்போல வெளுத்துத் தெரியும். நைலான் நெட்டாக இருந்தால் கடுந்தேயிலைத் தண்ணீரில் போட்டு நிறம் ஏற்றுகிறேன், அப்பப்போ எடுத்து அவள் கையோடு வைத்துப் பார்த்து. பாலியஸ்டர் நெட் தேயிலைக்கு மசியாது. வெள்ளைக் கவுனுக்கு அடியில் வெள்ளை உள்ளாடை தெரியும், உடம்பு நிறம் தெரியாது. இதை நம்ப வைக்க ஒவ்வொரு அம்மாவையும் கடை வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியிருக்கிறது.

"இப்பிடி தோள தொறந்து போடவா நாங்க அண்ணு அடிபட்டோம்" என்று ஒரு பாட்டி ட்ரையல் நடக்கும்போது முணுமுணுத்தார். அவர் காலத்துக்கு முந்தின கதைதான், ஆனாலும் இந்த மண்ணில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. 1822இல் கல்குளம் பக்கம் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்தில் மேலாடை போட்டதற்காக நாடார் பெண்களைச் சந்தையில் அடித்து, அந்த ஆடையைக் கிழித்தார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் அனுமதித்து ஆணை போட்டார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு முடிச்சு. என்ன உடுத்துவது என்று அடுத்தவன் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தச் சண்டை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கவுனைப் பார்த்து "கொள்ளாம்" (நன்றாயிருக்கிறது) என்று மட்டும் சொன்னார்.

மார்பகம் எடுத்த ஒரு சேச்சி, தன் மகளின் ரிசப்ஷனுக்குக் கை இல்லாத கவுன் கேட்டார். அவருக்கு உள்பாடியில் ஒரு பக்கக் கப்பின் உள்ளே பருத்தி பனியன் துணியில் பை வைத்து, செயற்கை மார்பு நழுவாமல் மேல் வாயை மடித்துவிட்டேன். சிலிக்கானின் பாரம் தழும்பில் அழுந்தாமல் இடுப்புப் பட்டிக்குப் போக, அந்தப் பக்கம் ஒரு எலும்பு கூடுதல். தையலை எல்லாம் வெளிப்பக்கம் திருப்பினேன், தழும்பில் ஒரு நூல்கூட உரசவில்லை. அந்த உள்பாடியை இப்போது வேறு உடுப்புகளுக்கும் போட்டுக்கொள்கிறார்.

வயிற்றை அடக்கும் ஷேப்வேர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு அளவு சின்னதாக எடுக்காதீர்கள். பிரியாணி சாப்பிட்டபின் நெஞ்சு எரியும், பாத்ரூம் போக இரண்டு பேர் துணை வேண்டும். தொடை வரை திறப்பு வைத்த கவுனுக்கு ஓரம் தைக்காமல் வெட்டிவிட்ட ஜட்டி போதும்.

துவைப்பில்தான் பாதி உள்பாடிகள் சாகின்றன. உள்பாடி தைக்கும் பவர்நெட் (இழுபடும் வலைத்துணி) துணியில் இருக்கும் லைக்ரா என்ற இழுபடும் நூலுக்கு ப்ளீச்சிங் பவுடரும் இஸ்திரிச் சூடும் ஆகாது. வாஷிங் மெஷினில் முறுக்கினால் கப் நசுங்கும். அதனால் உள்பாடியைக் கவுனோடு நிரந்தரமாகத் தைக்காமல், மேல் ஓரத்தில் டிச் பட்டன் வைத்துக் கழற்றும்படி கேளுங்கள். தையற்காரர் கூலி கூடக் கேட்பார், நானும் கேட்கிறேன். கவுனை ட்ரை க்ளீனிங்குக்கு அனுப்பிவிட்டு, வியர்வை பட்ட உள்பாடியை அன்றைக்கே வீட்டில் அலசி நிழலில் போட்டுக்கொள்ளலாம்.