ரவ்னிகாவில் ஆறு வருடம்: கார்டு உலகத்தை ரோல்பிளேயிங் மேசைக்குக் கொண்டுவந்த அனுபவம்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் வரும் ரவ்னிகா நகரத்தை வைத்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஆறு வருடத்துக்கும் மேலாக ஆடி வருகிறோம். கதை நடத்துவது நான். முதல் கதை பதினான்கு மாதம் ஓடி முடிந்தது. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. ஆரம்பத்தில் எழுதியிருந்தால் ரவ்னிகாவுக்கான ரோல்பிளேயிங் புத்தகத்தின் படங்களையும் புது இனங்களையும்தான் புகழ்ந்திருப்பேன். இப்போது சொல்ல இருப்பது வேறு: கார்டு உலகத்தில் எது மேசைக்கு வரும், எது வரவே வராது என்பது.

ரவ்னிகாவுக்கு முன்னால் ஜெண்டிகாரை முயன்று பார்த்தோம். 2016-இல் 'பிளேன் ஷிஃப்ட்' என்ற பெயரில் மேஜிக் உலகங்களுக்கான சிறு மின்நூல்கள் இலவசமாக வரத் தொடங்கின. முதலில் வந்தது ஜெண்டிகார். நிலம் தானாகப் புரண்டு எழும், கல் வானில் மிதக்கும், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் உலகம். ஆனால் எங்கள் ஆட்டம் ஆறு செஷனுக்கு மேல் போகவில்லை. குறை அந்த நூலில் இல்லை. நான் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்பவர்கள் எதற்காக மோதிக்கொள்கிறார்கள் என்பதை விட்டுவிட்டேன். ஆடியவர்களுக்குப் போக ஊர் இருந்தது, போவதற்குக் காரணம் இல்லை.

ரவ்னிகாவில் அந்தக் காரணம் தயாராக இருக்கிறது. மேஜிக்கில் ஐந்து நிறங்கள்: வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றும் ஒரு மனப்போக்கு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து ஜோடி வரும். அந்தப் பத்தும் பத்து கில்டுகளாக, அதாவது சங்கங்களாக, ஒரே நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 2005-இல் வந்த முதல் ரவ்னிகா தொகுப்பிலேயே இந்த அடித்தளம் போட்டாயிற்று. 2018 நவம்பரில் வந்த 'கில்ட்மாஸ்டர்ஸ் கைடு டு ரவ்னிகா' அதை அப்படியே ரோல்பிளேயிங்குக்குத் திறந்து வைத்தது. லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் 1995-இல் கார்டு ஆட்டமாக வந்து 1997-இலேயே ரோல்பிளேயிங் ஆட்டமாகவும் ஆனது. அங்கும் உலகம் முன்கூட்டியே குலம் குலமாகப் பிரிந்திருந்தது. உலகத்துக்குள்ளேயே கட்சி பிரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

மீதிப் பாதியில்தான் நான் நிறைய தடுமாறினேன்.

கார்டு ஆடும்போது நாம் அனுப்புகிறவர். ஒரு போர்வீரனை முன்னால் தள்ளி, பெரிய மிருகத்தின் அடியை அவனை வாங்க வைத்து, கல்லறைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த கார்டை எடுப்போம். ரோல்பிளேயிங்கில் நாம்தான் அந்தப் போர்வீரன். உட்காரும் இடமே மாறிவிடுகிறது. இது புரியாமல் முதல் மூன்று வாரம் ஒரு மாற்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்: கார்டில் இத்தனை பலம் என்றால் இங்கே இத்தனை ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), இத்தனை மானா (கார்டை இறக்கச் செலவாகும் சக்தி) என்றால் இத்தனையாம் நிலை மந்திரம் என்று. 'லைட்னிங் போல்ட்' என்ற பெயரிலேயே அட்டவணை உடைந்தது. மேஜிக்கில் அது ஒரே ஒரு சிவப்பு மானாவில் 3 சேதம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதே பெயரில் இருப்பது மூன்றாம் நிலை மந்திரம், 100 அடி நீளக் கோட்டில் எட்டு ஆறுமுகப் பகடைச் சேதம். பெயர் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. அப்புறம் கார்டில் அணில் டோக்கனும் 1/1 (தாக்கும் பலம் ஒன்று, தாங்கும் பலம் ஒன்று), போர்வீரன் டோக்கனும் 1/1. அந்த எண் உடம்பின் பலத்தைச் சொல்வதில்லை. கார்டுக் கட்டுக்குள் அந்தக் கார்டுக்கு என்ன விலை என்பதைச் சொல்கிறது. அட்டவணையைத் தூக்கிப் போட்டேன்.

ஆனால் விதிகளில் எதுவுமே வராது என்று சொல்ல மாட்டேன். கிரெங்கோ என்ற கோப்ளின் தாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் அறிமுகக் கதையே அவனைச் சுற்றித்தான். கார்டில் அவனைப் பயன்படுத்தப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், உங்களிடம் எத்தனை கோப்ளின் இருக்கிறதோ அத்தனை புதுக் கோப்ளின்கள் வரும். அவனையும் சேர்த்து எண்ணினால் ஒன்று இரண்டாகும், நான்காகும், எட்டாகும், பதினாறாகும். இதை அப்படியே சண்டையில் சுற்றுக்கு ஒரு முறை நடத்தினேன். ஐந்தாவது சுற்றில் மேசையில் முப்பத்திரண்டு உருவங்கள், ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம். எல்லோரும் களைத்துப் போனார்கள். இரண்டாவது கதையில் அதே விதியை நாளுக்கு ஒரு முறை என்று மாற்றினேன். காலையில் சந்தில் இரண்டு பேர். மறுநாள் நான்கு. ஆட்டக்காரர்கள் ஒரு சாட்சியைத் தேடி அலைந்துவிட்டுத் திரும்பும்போது தெருமுனை முழுக்கக் கோப்ளின்கள். பகடையே உருட்டாமல் மேசையில் பயம் வந்தது. 'இன்னும் ஒரு நாள் தாமதித்தால் என்ன ஆகும்' என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். கார்டின் ஒரு சுற்று ரோல்பிளேயிங்கின் ஒரு சுற்று அல்ல. அதை ஒரு நாளாகவோ ஒரு வாரமாகவோ விரித்தால் கார்டில் இருந்த அதே உணர்வு கிடைக்கிறது. இந்த ஒன்றைக் கற்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

நிறங்களுக்கு வருகிறேன். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது விலை உயர்ந்த கார்டுகளை அல்ல, மானா தரும் சாதாரண நிலக் கார்டுகளைத்தான். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் கில்டின் இரண்டு நிற நிலங்கள் இருக்கும். பெரிய முடிவு எடுக்கும்போது எந்த நிறத்திலிருந்து எடுத்தார்களோ அந்த நிலத்தைத் திருப்பி வைப்பார்கள். பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. போரோஸ் கில்டின் படையில் இருந்த ஒரு பாலடினுக்கு (புனித வீரருக்கு)ச் சிவப்பும் வெள்ளையும். ஏழெட்டுச் செஷன் கழித்து, தன் சிவப்பு நிலத்தை ஒரு முறைகூடத் தொடவில்லை என்பதை அந்தக் கேரக்டரை ஆடியவரே கவனித்தார். ஒழுங்கு, கட்டளை, கடமை, எல்லாம் வெள்ளை. அடுத்த மாதம் அந்தப் பாலடின் மேலதிகாரியின் உத்தரவை மீறி எரியும் வீட்டுக்குள் ஓடினார். நான் எழுதி வைத்த எந்தத் திருப்பமும் அந்த இடத்துக்கு ஈடாகாது.

செஷனுக்குத் தயாராவதும் இதனால் எளிதானது. ஒரு சம்பவத்தை மட்டும் எழுதிக்கொள்வேன்: பத்தாம் வட்டாரத்தில் ஒரு கொதிகலன் வெடித்தது. பிறகு ஒவ்வொரு கில்டும் அதை எப்படிப் பார்க்கும் என்று கேட்டுக்கொள்வேன். அதைக் கட்டிய இஸ்ஸெட் ஆட்களுக்கு வெடித்த விதம் பிடித்துப் போகும், திரும்ப வெடிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். அசோரியஸ் அனுமதிப் பத்திரம் கேட்கும். ஓர்சோவ் வீடிழந்தவர்களுக்குக் கடன் நீட்டும். கோல்காரி பிணங்களை எடுக்க அடியிலிருந்து மேலே வரும். க்ரூலுக்கு ஒரு கட்டடம் விழுந்ததில் மகிழ்ச்சி. டிமிர் ஆட்கள் விசாரணை அறிக்கையை யார் எழுதுகிறார் என்று மட்டும் பார்ப்பார்கள். இதுவே மூன்று செஷனுக்குப் போதும்.

புத்தகத்தில் நீண்ட நாள் தாங்கியது தொடர்புகள் அட்டவணை. கேரக்டர் உருவாக்கும்போதே சொந்தக் கில்டில் ஒரு நண்பன், ஒரு எதிரி, வெளியில் ஒருவர் என்று கிடைத்துவிடும். என் கதைகளின் முக்கிய மனிதர்களில் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். கில்டுக்குள் செல்வாக்கைக் கணக்கிடும் முறையும் நல்லதுதான். ஆனால் பதவிக்கான படிகள் 3, 10, 25, 50 என்று போகின்றன. எங்கள் முதல் கதையில் யாரும் 25-ஐத் தொடவில்லை. இப்போது புள்ளிகளைத் தாராளமாகக் கொடுக்கிறேன். கேரக்டரின் பின்னணியோடு வரும் கில்ட் மந்திரங்கள் மந்திரம் போடுபவர்களுக்கு மட்டும் உதவும். வாள் பிடிப்பவருக்கு அதற்கு ஈடாக ஒரு சிறு குழுவைக் கட்டளையிடும் உரிமை கொடுத்தோம்.

டிமிர் கேரக்டர் யாராவது கேட்டால் ஒன்று சொல்கிறேன். அது உளவுக் கில்ட். முதல் கதையில், அந்த ஆட்டக்காரரின் உண்மை நோக்கம் எனக்கு மட்டுமே தெரியும் என்று வைத்தோம். பதினோராம் மாதம் அது வெளிப்பட்டபோது, ஏமாந்தது கேரக்டர்கள் அல்ல, நண்பர்கள். இருவர் உண்மையாகவே வருந்தினார்கள். இப்போது மேசையில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், கேரக்டர்களுக்கு மட்டும்தான் தெரியாது. ஆச்சரியம் குறைந்தது உண்மை. ஆனால் மற்றவர்களே அந்த உளவாளிக்கு வழி விட்டுக் கொடுத்து ஆடுகிறார்கள், அந்தக் காட்சிகள் இன்னும் நன்றாக வருகின்றன.

இன்னொரு சிக்கல், கார்டுகளின் கதை நிற்பதில்லை. புத்தகத்தில் கில்டுகளுக்கிடையே நடுவர் ஜேஸ் என்ற மந்திரவாதி. 2019-இல் வந்த 'வார் ஆஃப் த ஸ்பார்க்' கதைக்குப் பிறகு அந்த இடத்தில் டிராகன் நிவ்-மிஸ்ஸெட். 2024-இல் மீண்டும் ரவ்னிகாவுக்கு வந்த தொகுப்பின் கதையில் ஓர்சோவ் கில்டின் டெய்சா கார்லோவ் கொல்லப்படுகிறாள். எங்கள் மேசையில் அதே டெய்சாவுக்குத்தான் ஒருவரின் கேரக்டர் அப்போது நான்கு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார்! கார்டுக் கதையைப் படித்துவிட்டு அவர் முகம் வாடி வந்தார். அன்றே முடிவு செய்தோம்: எங்கள் முதல் செஷனுக்கு முன்னால் அச்சானது மட்டும் வரலாறு. பிறகு வருவதில் பிடித்ததை எடுத்துக்கொள்வோம்.

அந்த ஆட்டக்காரரின் கேரக்டர் போன வருடம் இறந்துவிட்டார். பலத்த அடி, சாவைத் தடுக்க உருட்டிய மூன்று பகடையும் கைவிட்டன. புதுக் கேரக்டர் எழுதத் தாளை எடுத்தபோது இன்னொருவர் கேட்டார்: "ஓர்சோவுக்கு நீ கடன் பாக்கி வைத்திருந்தாயே?" மேசை அமைதியானது. ஓர்சோவில் கடன் சாவோடு முடியாது. கடன்பட்டவரின் ஆவி வேலை செய்தே தீர்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆவிக்கு மிருகப் பட்டியலில் தனிப் பக்கமே இருக்கிறது. அவர் தாளைக் கீழே வைத்தார், பழைய கேரக்டரின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆவி' என்று எழுதினார். வெள்ளை, கறுப்பு என்ற அதே இரண்டு நிலங்கள் இன்னும் அவர் முன்னால்தான் இருக்கின்றன. எங்கள் கணக்குப்படி இன்னும் பதினெட்டு மாத வேலை பாக்கி.