டிரோம்சோவில் ஆணி டயருடன் மூன்று குளிர்காலங்கள்

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், நார்வே நகரமான டிரோம்சோவில் ஜனவரிக் குளிர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். தொல்லையே அதுதான். பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறைகிறது. மறுநாள் அதன்மேல் மழை பெய்கிறது. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியில் வெறும் ரப்பருக்கே கொஞ்சம் பிடி கிடைக்கும். ஈரப் பனிக்கட்டியில் டயரில் உலோக ஆணி பதிக்காமல் இரு சக்கரத்தில் போகவே முடியாது.

குவாலோயா தீவிலிருந்து பாலம் கடந்து தினமும் வேலைக்குப் போகிறேன். வண்டி ஹோண்டா சிஆர்எஃப்250எல் மோட்டார் சைக்கிள். முன்னும் பின்னும் பட்டன் டயர், அதாவது ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் டயர்.

முதலில் அந்தக் கட்டைகளில் இரும்புக் கடையில் வாங்கிய சாதாரணத் திருகாணிகளை முடுக்கினேன். உறைந்த ஏரியில் அருமையாகக் கடித்தன. தார் தட்டுப்படும் சாலையிலோ மூன்றே வாரத்தில் தலை மழுங்கிவிட்டது. அடுத்து வாங்கியவை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன முனை கொண்டவை. இன்றும் அவைதான் ஓடுகின்றன.

பதிக்கும்போது அவசரமே கூடாது. என் டயரில் கட்டையின் உயரம் 12 மி.மீ.; ஆணி உள்ளே போவது 8 மி.மீ. அதற்கு மேல் இறங்கினால் உள்ளே ட்யூப் காத்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் தொட்டு, துளைக்கருவியை மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் ரப்பர் கிழிந்து ஆணி தளர்ந்துவிடும். மட்கார்டில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் 100 கி.மீ. வரை கடும் பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை வேகமாக முறுக்கவும் வேண்டாம்.

நான் விழுந்தது ஆணியின் தரத்தால் அல்ல, இடத்தால். எல்லாவற்றையும் டயரின் நடுவிலேயே பதித்திருந்தேன். நேர்ச்சாலையில் குறையே இல்லை. ஒரு திருப்பத்தில் இலேசாகச் சாய்த்ததும் நடு ஆணிகள் தரையை விட்டன, முன்சக்கரம் சறுக்கியது. முழங்கால் வீக்கம் வடிய ஒரு மாதமாயிற்று. இப்போது முன்சக்கரத்தில் ஓர வரிசைகளுக்கே அதிக ஆணி, பின்சக்கரத்தில் நடுவரிசைக்கு. பணம் ஒரு சக்கரத்துக்குத்தான் போதுமென்றால், தயங்காமல் முன்சக்கரத்துக்குப் பதியுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளிக்கலாம். முன்சக்கரம் போனால் விழுந்த பிறகுதான் தெரியும்.

இந்த ஊருக்கே உரிய சோதனை ஒன்று உண்டு: நகரத்துக்கு அடியில் செல்லும் சுரங்கச் சாலைகளில் ரவுண்டானாக்கள் இருக்கின்றன. வெளியே பனிக்கட்டி, உள்ளே வெறும் தார். ஆணி தாரைக் கடிக்காது, அதன்மேல் நடக்கிறது. வண்டி நெளிவதை இருக்கையிலேயே உணரலாம். அங்கே நடைவேகத்தில், வண்டியை நிமிர்த்தியே திருப்புகிறேன். பிரேக்குக்கும் கூடுதல் தூரம் விடுகிறேன். மூன்று ஆண்டுகளாகியும் இந்த இடம் எனக்குப் பழகவில்லை.

வட நார்வேயில் ஆணி டயருக்கு அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி. அதனால் தனியாக ஒரு ஜோடிச் சக்கரம் வாங்கி வைத்திருக்கிறேன்; மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்த வசந்தத்தில் கழற்றியபோது எண்ணினேன்: முன்னால் 9 ஆணிகள் காணவில்லை, பின்னால் 14. முன் டயர் இன்னொரு குளிர்காலம் தாங்கும். பின் டயரில் கட்டைகளே தேய்ந்துவிட்டன. அக்டோபருக்குள் புதியது வாங்கிப் பதிக்க வேண்டும்.