கெர்பர்: 2016 மெல்போர்னா, 2018 விம்பிள்டனா?

ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை கெர்பரின் வெற்றிகளில் எது பெரிது: மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபனா, விம்பிள்டனா? ரெண்டு இறுதிப் போட்டியிலும் எதிரே நின்றது செரீனா வில்லியம்ஸ்தான். மெல்போர்னில் முதல் சுற்றிலேயே மிசாகி டோயிடம் ஒரு மேட்ச் பாயின்ட் வரை, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலை வரை போய்த் தப்பிய ஏஞ்செலிக் கெர்பர், கடைசி நாளில் 6-4, 3-6, 6-4 என்று ஜெயித்தார். அந்த மூன்றாவது செட்டில், அடித்து நொறுக்குகிற செரீனாவையே வலையை ஒட்டி மெதுவாக விழுகிற டிராப் ஷாட் போட்டு வலைப் பக்கம் ஓடவிட்ட துணிச்சல் இருக்கிறதே, அப்பா! ஸ்டெஃபி கிராஃப் 1999-இல் பிரெஞ்சு ஓபன் வென்றதற்குப் பிறகு ஒற்றையரில் ஜெர்மனிக்குக் கிடைத்த முதல் கிராண்ட்ஸ்லாம் அது.

விம்பிள்டனில் 6-3, 6-3. சுத்தமான ஆட்டம், ஆனால் செரீனா குழந்தை பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அப்புறம், 2017-இல் நம்பர் ஒன் இடத்திலிருந்து சரிந்து டாப் 20-க்கு வெளியே போனவர், அதே மைதானத்தில் 2016 இறுதிப் போட்டியில் தோற்றவர், திரும்பி வந்து எடுத்த கோப்பை.

என் ஓட்டு மெல்போர்னுக்கே.