ஊட்டி நடைப்போட்டி வகுப்பு: காலைச் சரிபண்ணப் போனேன், தோளைப் பிடித்தார்

குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 47. மூத்தோர் தடகளத்தில் 5,000 மீட்டர் நடைப்போட்டிக்குப் போவது வழக்கம். போன வருஷம் ஒரு போட்டியில் பாதியில் வெளியேற்றிவிட்டார்கள். பலகையில் என் எண்ணுக்கு நேரே மூன்று நெளிக்கோடு. அதாவது, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டதை மூன்று நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சிவப்பு அட்டை எழுதியிருக்கிறார்கள். கால்தான் கோளாறு என்று நினைத்து ஊட்டியில் சனி, ஞாயிறு காலை நடக்கும் இந்த வகுப்பில் ஜனவரியில் சேர்ந்தேன். ஆறு மாதம் ஆகிறது.

முதல் நாள் சார் என் காலைப் பார்க்கவே இல்லை. மணி ஆறரை, புல்லெல்லாம் உறைபனி. "மப்ளரைக் கழட்டும்மா, ஜெர்கினையும்" என்றார். குளிருக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தோள் காதுவரை ஏறித்தான் இருக்கும். "தோள் ஏறினா உடம்பு மேல எழும்பும், அப்புறம் கால் எங்க தரையில நிக்கும்?" அவ்வளவுதான் விளக்கம். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

கை விஷயத்தில் மனிதர் விடாக்கண்டன். முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். நீட்டிய கையைவிட மடக்கிய கை சீக்கிரம் போய் வரும், காலும் அந்தத் தாளத்துக்கு வரும். வலது இடுப்பு முன்னால் போகும்போது வலது தோள் பின்னால் போகணும். கை இடுப்பெலும்பிலிருந்து நெஞ்செலும்புவரை வந்தால் போதும், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இதைச் சோதிக்கக் கட்டைவிரலில் சாக்பீஸ் தேய்த்து ஒரு சுற்று நடக்க விடுவார். முதல் வாரம் என் டி-ஷர்ட்டில் மார்புக்குக் குறுக்கே பெரிய எக்ஸ் விழுந்தது. இப்போது இடுப்போரம் இரண்டு சின்னக் கோடுதான். (பள்ளிக்கூட சாக்பீஸ் பனி ஈரத்தில் பிடிக்காததால், கடையிலிருந்து டெய்லர் சாக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.)

முஷ்டியை இறுக்கக் கூடாது என்பதற்குக் கையில் பிடிக்க ஆளுக்கு இரண்டு வர்க்கி பிஸ்கட். நொறுங்காமல் ஒரு சுற்று முடிக்கணும். இரண்டு மாதம் நான் டீயில் தோய்த்துத் தின்றது வெறும் தூள்.

எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. இருபது வருஷமாக மெஷின்மேல் குனிந்த முதுகு நடையிலும் குனிந்தே வந்தது. இடுப்பில் மடிந்தால் இடுப்பு சுழலாது, காலடி குறுகும், முழங்காலும் மடங்கியபடியே ஊன்றும். முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பது விதி. ஊரார் தோளையெல்லாம் டேப் வைத்து அளக்கிற எனக்கு, என் இடது தோள் இறங்கியிருப்பது அவர் சுவரோரம் நிறுத்திக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

இனி குறைகள். ஆறு பேர் இருந்த வகுப்பு இப்போது பதினைந்து பேர். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு முன்பு கிடைத்த கவனம் இப்போது இல்லை. போனில் எடுக்கும் வீடியோ புதன்கிழமைதான் வருகிறது. அதற்குள் உடம்பு எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். கணுக்காலுக்கும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைக்கும் பத்து நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை. வலிக்கிறது என்றால் "வரும், போகும்" என்கிறார். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதை நான் மூன்று தடவை கேட்டாயிற்று. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டர் நடையில் பிரியங்கா கோஸ்வாமி வெள்ளி வாங்கிய வீடியோவை வாராவாரம் போட்டு, "காலைப் பார்க்காதீங்க, தோளைப் பாருங்க" என்பார். அது மட்டும் சலிக்கவில்லை.

உடம்பு இளைக்க நடப்பவர்களுக்கு இந்த வகுப்பு வேண்டாம், காசு வீண். போட்டிக்குப் போய் நெளிக்கோடு வாங்கியவர்கள் தாராளமாகச் சேரலாம். போன மாதம் மறுபடி 5,000 மீட்டர் நடந்தேன். முழங்காலுக்கு ஒரு சிவப்பு அட்டை விழுந்தது, நெளிக்கோடு ஒன்றுகூட இல்லை. குன்னூரிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆறரைக்குப் பிறகு வந்தால் அவர் சேர்த்துக்கொள்வதில்லை.